ஃபேன் ரெகுலேட்டரைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

பெரம்பூரிலிருந்து:

நானே ஆரம்பிக்கிறேன். போன அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஹால் ஃபேன் நொண்ட ஆரம்பித்தது. குமிழைக் கடைசி வரை திருப்பினாலும் காற்று இல்லை. எலக்ட்ரீஷியன் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "ரெகுலேட்டர் போயிடுச்சு சார்" என்று புதுசு ஒன்று மாட்டினார். அதே நொண்டல். "இது பீஸ் சரியில்ல" என்று இன்னொன்று மாட்டினார். அப்பவும் அதே. ஒரு வாரத்தில், அம்மா ஒட்டடைக் கம்பால் இறக்கையைத் தள்ளிவிட்டால்தான் ஃபேன் கிளம்பும் என்ற நிலைமை.

குற்றவாளி மேலே, கம்பியை ஒட்டிய கிண்ணத்துக்குள் இருந்தது. 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர், அதாவது ஃபேன் மோட்டார் கிளம்ப உதவும் மின்தேக்கி. அதை மாற்றியதும் நாள்காட்டித் தாள்கள் பறந்தன.

கையில் இரண்டு ரெகுலேட்டர் மிச்சம். சும்மா இருப்பேனா? ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

முதலாவது பழையது, குமிழ் தடங்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும் வகை. உள்ளே மூன்று கால் வைத்த கறுப்புச் சில்லு, அதுதான் ட்ரையாக், ஃபேனுக்குப் போகும் மின்சாரத்துக்குக் கதவு மாதிரி. பக்கத்தில் கண்ணாடி மணி மாதிரி குட்டி டயாக், ஒரு சின்ன கண்டன்சர், குமிழோடு சேர்ந்த மாறுமின்தடை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 அரை அலை. ஒவ்வொரு அரை அலையிலும் அந்தக் கண்டன்சர் மெதுவாக நிரம்பி, சுமார் 30 வோல்ட் வந்ததும் டயாக் திறக்கும், அது ட்ரையாக்கைத் தட்டி எழுப்பும். அதுவரை ஃபேனுக்கு ஒன்றும் போகாது. குமிழைக் குறைத்தால் கண்டன்சர் நிரம்பத் தாமதமாகும், அலையில் பெரிய துண்டு வெட்டுப்படும், ஃபேன் மெதுவாகும். இப்படி வெட்டி வெட்டி அனுப்புவதால்தான் குறைந்த வேகத்தில் அந்த 'ம்ம்ம்' முனகல். பத்து வருஷம் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினோம்.

இரண்டாவது, 'டக் டக்' என்று நிற்கும் நாலு படி வகை. இதில் ட்ரையாக்கே இல்லை. 2.2, 3.3 என்று எழுதிய இரண்டு கண்டன்சர், சில மின்தடைகள், ஒரு சுழல் சுவிட்ச், அவ்வளவுதான். ஒன்றில் சின்னது, இரண்டில் பெரியது, மூன்றில் இரண்டும் சேர்ந்து. நாலில்? நேர் கனெக்‌ஷன்! நாலில் வைத்தால் ரெகுலேட்டர் வழியில் குறுக்கிடுவதே இல்லை. அதிலும் ஃபேன் நொண்டினால் ரெகுலேட்டர் மேல் எப்படிப் பழி போடுவது? இதை முன்பே திறந்து பார்த்திருந்தால் இன்னொரு ரெகுலேட்டர் காசு மிஞ்சியிருக்கும்.

திருவல்லிக்கேணியிலிருந்து:

நீங்கள் சொல்வதெல்லாம் புது ரகம். எங்கள் பாட்டி வீட்டில் சுவரில் கறுப்புப் பெட்டி, தேங்காய் மூடி அளவு குமிழ். உள்ளே பீங்கான் உருளையில் சுற்றிய கம்பிச் சுருள், அங்கங்கே முனை எடுத்து விட்டிருப்பார்கள். ஒன்றில் வைத்தால் மொத்தச் சுருள் வழியாகவும் மின்சாரம் போக வேண்டும். ஃபேனுக்குப் போகாத மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்த்துவிடும். கார்த்திகை மழையில் பாட்டி நமுத்த தீப்பெட்டியை அதன் மேல்தான் வைப்பார். ஒருமுறை கருகின வாடை வந்து திறந்தால், சூட்டுக்கு ஒதுங்கிய பல்லி அப்பளமாகியிருந்தது. ஃபேனை மெதுவாக விட்டால் கரண்ட் பில் நன்றாகக் குறையும் என்று தாத்தா சொன்னதை அந்தப் பெட்டி விஷயத்தில் நான் நம்பவில்லை.

திருவான்மியூரிலிருந்து:

எங்களுக்குக் கடல் காற்றுதான் வில்லன். சுழல் சுவிட்சின் பித்தளைத் தகடு பச்சை பூத்து, மூன்றாம் படி மட்டும் வேலை செய்யவில்லை. கழற்றித் தேய்த்தேன், சரியானது. ஆனால் மெயினை ஆஃப் செய்த பிறகும் கட்டை விரலில் சுரீர் என்று ஒரு அடி. கண்டன்சருக்குக் குறுக்கே மின்சாரத்தை வடித்துவிட ஒரு மின்தடை வைத்திருப்பார்கள். என்னுடையதில் அதன் ஒரு கால் துருப்பிடித்து அறுந்திருந்தது. திறக்கிறவர்கள் கவனம்.

அம்பத்தூரிலிருந்து:

ஒரு சந்தேகம். குமிழ் வகைதான் எங்களிடம். எங்கே வைத்தாலும் ஃபுல் ஸ்பீடு. குறையவே மாட்டேன் என்கிறது. இதற்கும் ஃபேன் கண்டன்சரா?

பெரம்பூரிலிருந்து:

இல்லைங்க, இது தலைகீழ். ட்ரையாக் ஷார்ட் ஆகியிருக்கும், அப்படி ஆனால் கதவு திறந்தே கிடக்கும். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பழைய சில்லைக் காட்டினால் அதே நம்பரில் கொடுப்பார்கள். சாலிடரிங் பழக்கம் இல்லையென்றால் புது ரெகுலேட்டரே மேல். கண்டன்சர் வகையாகக் கேளுங்கள், முனகாது.

அப்புறம், ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் வாங்கப்போகிறீர்கள் என்றால் ரெகுலேட்டரையே எடுத்துவிட்டு நேராகக் கொடுங்கள். அதன் வேகத்தை உள்ளே இருக்கும் சர்க்யூட்டே பார்த்துக்கொள்ளும். என் மச்சான் பழைய ரெகுலேட்டர் வழியாகவே கொடுத்து, மூன்றே நாளில் போர்டை மாற்றினான்.