மோட்டார் ஸ்டார்ட் ஆனதும் பிஎல்சி ஸ்டாப்புக்குப் போகிறது, உதவுங்கள்

கேள்வி: பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் மட்டும் பிஎல்சி (லைனை இயக்கும் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) ஸ்டாப் மோடுக்குப் போகிறது, பஸ் ஃபால்ட் (தகவல் கேபிள் இணைப்பில் பிழை) விளக்கு சிவப்பாக மின்னுகிறது. பவரை ஆஃப் செய்து ஆன் செய்தால் ஓடுகிறது, அப்புறம் அதே கதை. லைன் நிற்கிறது, மேனேஜர் பக்கத்திலேயே நிற்கிறார். எங்கே தொடங்குவது?

பதில் 1: இனி பவரைத் தொடாதீர்கள். முதலில் லேப்டாப்பை இணைத்து டயக்னாஸ்டிக் பஃபரை, அதாவது பிஎல்சியின் பிழைப் பதிவை, சேமியுங்கள். பஸ்ஸில் இணைந்த எந்த ஸ்டேஷன் (கருவி) முதலில் விழுந்தது என்று நேரத்தோடு அதில் இருக்கும், அடுத்தடுத்து வரும் ஃபால்ட்டுகள் பெரும்பாலும் அதன் விளைவுதான். பிறகு மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ரிமோட் ஐஓ (பேனலுக்கு வெளியே, சென்சார்களை பிஎல்சியோடு இணைக்கும் பெட்டி) டெர்மினலிலேயே 24 வோல்ட் சப்ளையை அளவெடுங்கள், பேனலில் அல்ல. மீட்டரில் மினிமம்/மேக்ஸிமம் பதிவு வையுங்கள், இல்லாவிட்டால் நொடிக்குள் வரும் சரிவு தெரியாது.

பதில் 2: வோல்ட்டேஜ் சரியாக இருந்தால் பஸ் கேபிளைப் பாருங்கள். புரோஃபிபஸ் (ஒரு வகை பஸ்) என்றால் இரு முனைகளில் மட்டும் டெர்மினேஷன் (முனை ரெசிஸ்டர்) ஆன் ஆக இருக்க வேண்டும். பஸ் கேபிள், டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கேபிளோடு ஒரே டிரேயில் போகிறதா? மேனேஜர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சேஃப்டி இன்டர்லாக்கை (ஆபத்தில் மெஷினை நிறுத்தும் பாதுகாப்புப் பூட்டு) மட்டும் பைபாஸ் செய்யாதீர்கள், உள்ளே ஆள் இருக்கலாம்.

கேட்டவர்: ஸ்டார்ட்டில் 17 வோல்ட்டுக்கு இறங்குகிறது! மோட்டார் பிரேக்கின் காயிலும் அதே சப்ளையில்தான் இருக்கிறது. அதைத் தனி சப்ளைக்கு மாற்றினேன், இப்போது ஓடுகிறது. மிக்க நன்றி.

பதில் 1: நல்லது. அந்தக் காயிலுக்குக் குறுக்கே, ஆஃப் ஆகும்போது வரும் வோல்ட்டேஜ் எழுச்சியை அடக்கும் டயோடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.