இண்டியானா ஜோன்ஸ் அஞ்சாவது பார்ட் பாத்தவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க, நான் ஆரம்பிச்சு வைக்கறேன்

டயல் ஆஃப் டெஸ்டினி 2023ல வந்தப்பவே எழுதணும்னு இருந்துச்சு, ஆனா தியேட்டர விட்டு வெளிய வரும்போது படம் புடிச்சுதா புடிக்கலையான்னு எனக்கே தெரியல, இப்ப ஓடிடில மறுபடி பாத்துட்டு கொஞ்சம் பிடிபட்டிருக்கு. நீங்க எங்க பாத்தீங்க, என்ன தோணுச்சுன்னு போடுங்க. பாக்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க, கதை பூரா வரும்.

பழம்பொருள் தேடி ஊர் ஊரா அலையற தொல்லியல் புரொபசர்தான் இந்த இண்டியானா ஜோன்ஸ். எனக்கு இந்த ஆள புடிச்சதுக்கு காரணம் தொப்பியோ சாட்டையோ இல்லைங்க. அடி வாங்குவான், அதான். நம்ம ஹீரோங்க நாப்பது பேர பொளந்து கட்டினாலும் தலைமுடி கலையாது, இவன் ஒருத்தன குத்திட்டு கைய உதறுவான் வலில. 1981ல வந்த முதல் படம் ரெய்டர்ஸ்ல அந்த லாரி சேஸ் ஞாபகம் இருக்கா, கைல குண்டு பாஞ்சு, முன் கண்ணாடி வழியா வெளிய போய் விழுந்து, லாரிக்கு அடில இழுபட்டு ஒரு வழியா ஜெயிச்சதுக்கு அப்புறம் கப்பல்ல அவன் காதலி மரியன் மருந்து போட வருவா, தொட்ட இடமெல்லாம் ஐயோ அம்மாம்பான். அவ கடுப்பாகி எங்கதான்யா வலிக்கலன்னு கேப்பா, முழங்கைய காட்டுவான். அந்த ஒரு சீன்ல நான் விழுந்தவன் இன்னும் எந்திரிக்கல.

அதனால 1989ல லாஸ்ட் க்ரூசேட் வந்து 19 வருஷம் கழிச்சு 2008ல கிரிஸ்டல் ஸ்கல் வந்தப்ப எல்லாரும் அந்த ஃபிரிட்ஜ் சீன வச்சு செஞ்சாங்கல்ல, அணுகுண்டு வெடிக்கறப்ப ஃபிரிட்ஜுக்குள்ள பூந்து, அது பறந்து போய் விழுந்து, கதவ தெறந்துட்டு எந்திரிச்சு நடக்கறது, லாஜிக்கே இல்லன்னு. ஏங்க, ரெண்டாவது பார்ட்ல ரப்பர் படகோட விமானத்துலருந்து குதிச்சு பனிமலைல சறுக்கிட்டு வந்தாங்களே, அப்ப எங்க போச்சு லாஜிக்? எனக்கு உறுத்தினது வேற. அவருக்கு வலிக்கல. மூணு அருவில அடுத்தடுத்து விழறாங்க, அப்பவும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. ஏலியன கூட மன்னிச்சுட்டேன், இத முடியல.

இப்ப அஞ்சாவது. முதல் நாலும் டைரக்ட் பண்ணது ஸ்பீல்பெர்க், இது ஜேம்ஸ் மேன்கோல்ட். இண்டியானாவா நடிக்கற ஹாரிசன் ஃபோர்டுக்கு படம் ரிலீஸாகும்போது 80 வயசு. ஆரம்பத்துல 1944ல நடக்கற ரயில் சீக்வன்ஸ், கம்ப்யூட்டர்ல வயச கொறச்சு காட்டுறாங்க, முகம் என்னவோ நம்ம பழைய ஆள்தான், வாய தெறந்தா தாத்தா குரல். கண்ணு நம்புது காது நம்ப மாட்டேங்குது. ஆனா அந்த மியூசிக் வந்த உடனே எனக்கு புல்லரிச்சுது, பொய் சொல்ல விரும்பல, ஜான் வில்லியம்ஸ் அஞ்சு படத்துக்கும் அவரேதான்.

அப்புறம் 1969, நியூயார்க். சட்ட கூட இல்லாம சேர்ல தூங்கிட்டு இருக்கற கெழவன் பக்கத்து வீட்டு பாட்டு சத்தத்துல முழிச்சு பேஸ்பால் மட்டைய தூக்கிட்டு சண்டைக்கு போறார். ரிட்டயர்மெண்டுக்கு ஒரு கடிகாரம் குடுக்கறாங்க, அத ரோட்ல போற ஆள்கிட்ட குடுத்துட்டு போயிடறார். மகன் வியட்நாம் போர்ல போயிட்டான், மரியன் டைவர்ஸ் கேட்டாச்சு. மேன்கோல்டுக்கு விஷயம் புரிஞ்சிருக்கு, இந்த ஆளுக்கு வலிக்கணும்னு. ஆனா வலிய மட்டும் எடுத்துகிட்டு அந்த குஷிய விட்டுட்டார். பழைய படத்துல அடி வாங்கினாலும் நமக்கு சிரிப்பு வரும், இதுல பாவமா இருக்கு. டான்ஜியர்ல ஆட்டோ சேஸ், நம்ம ஆட்டோவேதான், ஜாலியா ஆரம்பிச்சு முடியவே மாட்டேங்குது. துள்ளிக் குதிக்கற வேலையெல்லாம் அவரோட ஞானமகள் ஹெலனாவுக்கு, இவர் பின்னாடி மூச்சு வாங்கிட்டே ஓடுறார்.

கிளைமாக்ஸ்தான் எனக்கு இன்னும் ஆறல. ஆர்க்கிமிடீஸ் செஞ்ச அந்த டயலால காலத்துல பின்னாடி போயிடறாங்க. கிமு 212, ரோமானியர்கள் சிரக்யூஸ் நகரத்த முற்றுகை போட்டிருக்காங்க, மேல ஜெர்மன் விமானம் பறக்குது, கீழ ஆர்க்கிமிடீஸே நிக்கறார். வாழ்நாள் பூரா எத தோண்டி தோண்டி எடுத்தாரோ அது கண்ணு முன்னாடி உயிரோட இருக்கு, குண்டடி பட்டு கெடக்கற மனுஷன் நான் இங்கயே இருந்துடறேங்கறார். எனக்கு தொண்டை அடைச்சுது. அந்த நேரம் ஹெலனா ஒரு குத்து விட்டு மயக்கமாக்கி வீட்டுக்கு கூட்டிட்டு வந்துடறா. யோவ்! இருந்துட்டு போகட்டுமே?

சரி கோவத்தோட எந்திரிக்கலாம்னு பாத்தா கடைசில மரியன் வர்றா. எங்க வலிக்கலன்னு இந்த தடவ அவர் கேக்கறார், அவ முழங்கைய காட்டுறா. இப்படி பண்ணா நான் எப்படிங்க படத்த திட்டுவேன்.

—

எனக்கெல்லாம் முதல் இண்டியானா ஜோன்ஸ் படமே கிரிஸ்டல் ஸ்கல்தான் ப்ரோ, ஸ்கூல் லீவுல அப்பா கூட்டிட்டு போனார், அந்த எறும்பு கூட்டம் ஒரு ஆள அப்படியே தூக்கிட்டு புத்துக்குள்ள இழுத்துட்டு போறத பாத்துட்டு ரெண்டு நாள் கட்டில விட்டு கால கீழ வைக்கல. நீங்க 19 வருஷம் காத்திருந்தீங்க, நான் இன்டர்வல் பப்ஸுக்குதான் காத்திருந்தேன், அதனால எனக்கு ஏமாற்றமே இல்ல. ஒத்துக்கறேன், காட்டுக்குள்ள ஜீப் மேல நின்னு வாள் சண்டை போடறது இப்ப பாத்தா வெறும் கிராபிக்ஸா தெரியுது, கதைப்படி பெரு, ஷூட் பண்ணது ஹவாய்ல. ஆனா கல்யாணத்தோட முடிச்சு, மகன் கைக்கு போன தொப்பிய வெடுக்குன்னு புடுங்கிட்டு போனார் பாருங்க, அதான் சரியான முடிவு. அஞ்சாவது பார்ட்ல அந்த பையன ஒரு டயலாக்ல சாகடிச்சுட்டாங்க. அந்த நடிகர் வேணாம்னா வேணாம், அதுக்கு இப்படியா?

—

நான் யாழ்ப்பாணம், பேராதனைல படிச்சனான், இப்ப டொராண்டோ. எங்களுக்கு எண்டா இண்டியானா ஜோன்ஸ் டெம்பிள் ஆஃப் டூம்தான், 1984. கதை இந்தியாவில நடக்குது, ஆனா இந்திய அரசு ஸ்கிரிப்ட்ட பாத்துட்டு மாத்தச் சொன்னபடியால எல்லாரும் கண்டிக்கு வந்திட்டினம். அதில வாற இந்தியக் கிராமத்துச் சனம் கதைக்கிறது சிங்களம்! ஹொஸ்டலில சிங்களப் பெடியளோட இருந்து பாக்கேக்க அவங்கள் விழுந்து விழுந்து சிரிப்பாங்கள். கடைசில அறுந்து விழுற தொங்குபாலம் விக்டோரியா அணைக்குப் பக்கத்தில, அணை கட்ட வந்த எஞ்சினியர்மார்தான் அதையும் கட்டிக் குடுத்தது. குரங்கு மூளைச் சாப்பாடு எல்லாம் சுத்தக் கேவலம், அத நான் நியாயப்படுத்த மாட்டன். எண்டாலும் வில்லனா மொட்டையடிச்ச அம்ரிஷ் பூரி நிண்டால் மற்ற ஒருத்தரும் கண்ணுக்குத் தெரியாது.

அஞ்சாவதில நான் தேடினது டெம்பிள் ஆஃப் டூமில இண்டியானாவோட வாற ஷோர்ட் ரவுண்டத்தான். அந்தச் சின்னப் பெடியன் கீ ஹுய் குவான் 2023 மார்ச்சில ஒஸ்கார் எடுத்தவர், அண்டைக்கே அவற்ற படத்துக்குச் சிறந்த படம் எண்டு அறிவிச்சது ஹாரிசன் ஃபோர்ட், மேடையில ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சவை. நான் அழுதிட்டன். மூண்டு மாசத்தில படம் வருது, கடைசியில ஆள் தலைகாட்டுவார் எண்டு எழுத்து ஓடி முடியும் வரைக்கும் இருந்தன். வரேல்ல.

—

நான் கப்பல்ல வேல பாக்கறேன், கிரீஸ்ல பிரேயஸ் துறைமுகத்துல நிக்கும்போது ஏதென்ஸ் மியூசியம் போய் அந்த டயலோட ஒரிஜினல், ஆன்டிகைதெரா கருவிய நேர்ல பாத்தேன். பச்ச களிம்பு புடிச்ச வெண்கல துண்டுங்க, படத்துல வர்ற மாதிரி பளபளன்னு ரெண்டு பாதியெல்லாம் கெடையாது, பெரிய துண்டே விரிச்ச கை அளவுதான் இருக்கும். 1900 வாக்குல கடற்பஞ்சு எடுக்க முங்கினவங்க கண்ட கப்பல்லருந்து வந்தது. முப்பது பல்சக்கரம் மிஞ்சியிருக்கு, சூரியன் சந்திரன் நிலை, கிரகணம் எல்லாம் கணக்கு போடுமாம், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி! இத வச்சுகிட்டு டைம் டிராவல்னு ஏன்யா போனீங்க, உண்மையே போதுமே. ஆனா கல்லறைல ஆர்க்கிமிடீஸ் எலும்புக்கூடு கைல ரிஸ்ட் வாட்ச் இருக்குமே, அங்க மட்டும் நான் தனியா கைதட்டினேன்.

—

@யாழ்ப்பாணம்: ஷார்ட் ரவுண்ட் விஷயம் நீங்க சொன்னதும் எனக்கு மறுபடி கடுப்பாகுது. கிட்டத்தட்ட 300 மில்லியன் டாலர் செலவு பண்ணாங்களாம், வசூல் 384தான், பெருத்த நஷ்டம். அவ்ளோ காசுல அவருக்கு ரெண்டு நிமிஷம் குடுக்க முடியலையா?

@கப்பல்: போட்டோ எடுத்திருந்தா போடுங்க ப்ளீஸ்.