தியாகராயரை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

நான் பார்த்தது என் அடையாள அட்டையில். சர் தியாகராயா கல்லூரியில் மூன்று வருஷம் பி.காம். படித்தேன், யார் அந்த சர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ எங்கள் பக்கம் வந்ததும் ஸ்டேஷனுக்கும் அதே பெயர். ஒருநாள் வண்டிக்குள் அறிவிப்பைக் கேட்டுவிட்டு என் மகள், "சர்னா வாத்தியாராப்பா?" என்றாள். அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன்.

பிட்டி தியாகராயர், 1852ல் பிறந்தவர். மாநிலக் கல்லூரிப் பட்டதாரி. ஆனால் உத்தியோகம் பார்க்கவில்லை, நெசவும் தோலும்தான் தொழில். 1909ல் தென்னிந்திய வர்த்தக சபை தொடங்கியபோது முதல் தலைவர் அவர். எங்கள் தாத்தாவும் தறிக்காரர்தான், கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணி நெய்தவர். அவர் நகக்கண்ணில் இருந்த நீலம் கடைசிவரை போகவே இல்லை. அதனாலோ என்னவோ, ஒரு நெசவுக்காரர் சென்னை மாநகராட்சிக்கே தலைவரானார் என்று படித்ததும் சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

உங்களுக்கு எங்கே அகப்பட்டார்?

தி.நகரிலிருந்து:

எங்களுக்கு அகப்பட்டது கல்யாணப் பத்திரிகையில்! தங்கை கல்யாணத்துக்கு "தியாகராஜ நகர்" என்று ஐந்நூறு பத்திரிகை அடித்துவிட்டேன். பெரியப்பா பார்த்துவிட்டு, "டேய், தியாகராஜர் திருவையாத்துல இருக்கார். இங்க இருக்கறவர் தியாகராயர்" என்றார். ராத்திரி உட்கார்ந்து கறுப்புப் பேனாவால் ஒவ்வொரு ஜ-வையும் ய ஆக்கினோம். ஐம்பதுக்கு மேல் பொறுமை போய்விட்டது, மீதியை அப்படியே கொடுத்தோம். யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் வருத்தம். இந்த ஊரே அவர் பெயரில் ஓடுகிறது, வாயில் வருவதோ "டி" என்ற ஒற்றை எழுத்து.

ஆயிரம் விளக்கிலிருந்து:

நான் ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. சத்துணவு என்றால் காமராஜர், எம்.ஜி.ஆர். என்று பேசுவோம், சரிதான். ஆனால் 1920 செப்டம்பர் 16 அன்றே மாநகராட்சி மன்றம் ஆயிரம் விளக்குப் பள்ளிக்கு மதிய உணவு தரத் தீர்மானம் போட்டது. பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்குள். பிள்ளைகள் ஏழைகள், அதனால்தான் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்று மன்றத்தில் சொன்னவர் தியாகராயர். அப்புறம் நான்கு பள்ளிகள் சேர்ந்தன. ஐந்திலுமாக 1922-23ல் 811 பேர் இருந்தது 1924-25ல் 1,671 ஆனது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்க அரசு அனுமதிக்காததால் 1925ல் நின்றுபோனது.

இந்தக் கணக்கை எனக்குப் புத்தகம் சொல்லவேண்டியதில்லை. திங்கட்கிழமை காலையில் சில பிள்ளைகள் கரும்பலகையைப் பார்க்கவே மாட்டார்கள். பருப்பு தாளிக்கும் வாசம் வந்ததும் கழுத்து மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பும்.

புளியந்தோப்பிலிருந்து:

புகழ்ச்சி போதும், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1921ல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம், அதையொட்டி வேலைநிறுத்தக்காரர்களுக்கும் வேலைக்குப் போன ஆதிதிராவிடர்களுக்கும் எங்கள் பகுதியில் கலவரம். அப்போது நீதிக்கட்சி ஆதிதிராவிடர் பக்கம் நிற்கவில்லை. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா பின்னால் கட்சியை விட்டே விலகினார். கட்சித் தலைவர் தியாகராயர்தான். எங்கள் வீட்டில் பெரியவர்கள் அவர் பெயரை மரியாதையாகத்தான் சொல்வார்கள், ஆனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்வார்கள்.

மீண்டும் பழைய வண்ணாரப்பேட்டை:

புளியந்தோப்பு நண்பர் சொன்னதை மறுக்க வழியில்லை. படிக்கும்போது நானும் அந்த இடத்தை வேகமாகத் தாண்டினேன், ஒப்புக்கொள்கிறேன்.

போன மாதம் ரிப்பன் மாளிகைக்கு ஒரு சான்றிதழ் வேலையாகப் போனேன். சாப்பாட்டு நேரம், அரை மணி காத்திருக்கச் சொன்னார்கள். வெளியே வந்து அவர் சிலை முன்னால் நின்றேன். நாற்பது வருஷம் மாநகராட்சி உறுப்பினர், தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர். கம்பெனிக் காலத்து மேயர் பட்டம் 1933ல்தான் திரும்ப வந்தது, அப்போது அதை முதலில் ஏற்றவர் முத்தையா செட்டியார். 1920 தேர்தலில் கட்சி ஜெயித்து, ஆளுநர் வில்லிங்டன் ஆட்சி அமைக்கக் கூப்பிட்டபோது இவர் மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரி ஆனார். குப்பை, தண்ணீர், தெருவிளக்கு என்று ஆயிரம் தொல்லை உள்ள மாநகராட்சியை வைத்துக்கொண்டு மந்திரிசபையை விடுவாரா ஒருத்தர்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மகள் இப்போது ஸ்டேஷன் வந்தால் பையை எடுத்துக்கொண்டு, "அப்பா, தறிக்காரர் வீடு வந்துடுச்சு, இறங்கு" என்கிறாள்.