ஆவரசம்பூக் குடிநீர் மெதனோல் சாற்றைவிட வலிமை குறைந்ததா?

கேள்வி (பூநகரி மாணவி):
இறுதியாண்டு ஆய்வுக்காக, அம்மம்மா நிழலில் உலர்த்தித் தந்த ஆவரசம்பூவில் ஒரு பங்கை மெதனோலில் ஊறவைத்தும், மறுபங்கை அவர் செய்வதைப்போல எட்டுப் பங்கு நீர் ஒரு பங்காக வற்றும்வரை குடிநீராக (கஷாயமாக) காய்ச்சியும், டீ.பீ.பீ.எச். சோதனைக்கு உட்படுத்தினேன். (டீ.பீ.பீ.எச். என்பது ஊதா நிற மூலிகம், அதாவது சோடிசேரா இலத்திரன் கொண்ட மூலக்கூறு; ஒட்சியேற்ற எதிர்ப்பிகள் அதை அடக்கினால் மஞ்சளாகும்.) மெதனோல் சாறு விட்ட குழாயில் கருஊதா நிறம் கண்முன்னே மஞ்சளானது. குடிநீர் விட்ட குழாய் கலங்கி நின்றது. குடிநீரில் ஒட்சியேற்ற எதிர்ப்புக் குறைவு என எழுதலாமா?

மறுமொழி (ஆய்வுகூட உத்தியோகத்தர், கிளிநொச்சி):
எழுத வேண்டாம், பிள்ளை. டீ.பீ.பீ.எச். மெதனோலில் கரையும், நீரில் கரையாது. ஆதலால் குடிநீரை அதிகமாக விட்டால் அது வீழ்படிவாகி, 517 நனோமீற்றர் ஒளியில் எடுக்கும் உறிஞ்சல் வாசிப்பு ஊதா குறையாததைப்போலக் காட்டிவிடும். குடிநீரை வற்றவைத்து எடைபார்த்து, இரண்டு சாறுகளையும் ஒரே உலர்நிறையில், ஒரே நீர்-மெதனோல் கலவையில் கரையுங்கள். பூவின் நிறமும் ஒளியை உறிஞ்சக்கூடும் என்பதால், டீ.பீ.பீ.எச். சேர்க்காத சாறு ஒன்றை வெற்று மாதிரியாக வைப்பது அவசியம். பாதி மூலிகத்தை அடக்கத் தேவையான செறிவு சிறிதாக இருப்பதே வலிமை. இதைத் தலைகீழாக எழுதிய அறிக்கைகளைத் திருத்தியே களைத்துவிட்டேன்.

மறுமொழி (பரியாரியார் மகன், நெடுங்கேணி):
மெதனோல் நஞ்சு. அதில் இறங்கியது எவ்வளவாயினும் குடிப்பவருக்கு எட்டாது. இங்கே பலர் ஆவரசம்பூவைத் தேநீராகவே ஊற்றிக் குடிக்கிறார்கள், அதையும் சோதியுங்கள்.

மறுமொழி (ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்):
டீ.பீ.பீ.எச். உடலில் இல்லாத செயற்கை மூலிகம். பூவிலுள்ள ஒட்சியேற்ற எதிர்ப்புச் சேர்மங்களான பொலிபீனோல்களோ குடலில் சிறிதளவே உறிஞ்சப்பட்டு, ஈரலில் உருமாறுகின்றன. குழாயில் கண்ட பலனை உடலுக்கு ஏற்றிச் சொல்ல முடியாது என்பதனாலேயே, உணவுகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பு அட்டவணையை அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2012இல் தன் இணையத்தளத்திலிருந்து நீக்கியது. ஆகவே "நீரிழிவுக்கு நல்லது" என்ற வரியை முடிவுரையில் சேர்க்காதீர்கள்.

மாணவி:
மீண்டும் செய்தேன். இம்முறை கலங்கவில்லை, குடிநீர்க் குழாயும், சற்றுத் தாமதித்தாலும், மஞ்சளானது. அம்மம்மாவிடம் சொன்னபோது, "வடிச்சுப்போட்டுக் கீழ நிண்ட மண்டியையும் சேர்த்தனியோ?" என்று கேட்டார். எந்தத் துணியால் வடித்தேன், மண்டியை என்ன செய்தேன் என்பவற்றை முறையியலில் நான் எழுதியிருக்கவே இல்லை.