டெல்லியில் பள்ளி விண்ணப்பம்: மூன்றாம் பக்கத்தையும் படியுங்கள்

தம்பி, மேலப்பாளையத்திலிருந்து மாற்றலாகி வந்த கையோடு பள்ளிக்கு அலையும் பாடு எனக்கும் தெரியும். நான் நாகர்கோவில்காரன், இங்கே டெல்லி முனீர்க்காவில் 14 ஆண்டுகள் ஓடிவிட்டன.

காலை வழிபாட்டில் மகள் கட்டாயம் சேர வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டியதில்லை. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதமின்றிச் சிறு பிள்ளையை மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்த முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு அது. எங்கள் கிறிஸ்தவக் கான்வென்ட்டுகளும் இதற்கு விலக்கல்ல.

சிக்கல் அந்தச் ‘சம்மதம்’தான். என் மகளைச் சேர்த்த வருடம் எனக்கு இந்தி எழுத்துக்கூட்டத்தான் வரும். பின்னால் நீண்ட வரிசை. குமாஸ்தா விரல் வைத்த இடமெல்லாம் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து, ஹோமத்தில் தன்னையும் உட்காரவைத்ததாகப் பிள்ளை சொன்னாள். கொதித்துப்போய்ப் பள்ளிக்கு ஓடினேன். தலைமையாசிரியை குரலே உயர்த்தவில்லை. மூன்றாம் பக்கத்தைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மறுநாள் சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக ஐந்து வரி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். அப்புறம் அந்த நேரங்களில் அவள் நூலகத்தில் இருந்தாள்.

பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: கும்பிட வேண்டாம், ஆனால் கேலி செய்யவும் வேண்டாம். கேரளத்தில் தேசிய கீதம் பாடாததற்காக 1985-இல் நீக்கப்பட்ட யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவரை மறுபடி சேர்க்க உச்ச நீதிமன்றம் 1986-இல் உத்தரவிட்டது. கீதம் ஒலித்தபோதெல்லாம் அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றிருந்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது அதுவும்தான்.

சமஸ்கிருதப் பாடத்தைக் கண்டு மிரள வேண்டாம், அது மொழிப்பாடம். மதங்களைப் பற்றிப் படிப்பதும் மதபோதனை ஆகாது. 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. தமிழும் வேண்டுமென்றால் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்.

டிபன் டப்பாவில் முட்டை வைக்கலாமா என்பதை மட்டும் சேர்க்கும் முன்பே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். இங்கே பாதிச் சண்டை அதில்தான்.

விண்ணப்பத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். இப்போது இந்தி நன்றாகவே வரும்.