ஏரோபிக் பயிற்சியை வாரத்துக்கு எத்தனை நாள் வைத்துக்கொள்வது?

கேள்வி:
எனக்கு வயது 46. வாரம் ஆறு நாள், நாளுக்கு 45 நிமிடம் என்று மெல்லோட்டம் தொடங்கினேன். ஐந்தாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உட்புறம் வலியெடுத்து, காலையில் எழுந்து வைக்கும் முதல் பத்து அடியை நொண்டித்தான் வைக்க வேண்டியிருந்தது. எலும்பில் விரிசல் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்தார். ஓய்வில் வலி முழுவதும் அடங்கிவிட்டதால், மறுபடி தொடங்கலாம் என்றும் சொல்லிவிட்டார். வாரம் மூன்று நாள் மட்டும் ஓடினால் பலன் இருக்குமா?

பதில் 1:
நாள் கணக்கைவிட வாரத்தின் மொத்த நிமிடங்களே முக்கியம். உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு மிதமான பயிற்சி என்றால் 150 முதல் 300 நிமிடம், கடுமையான பயிற்சி என்றால் 75 முதல் 150 நிமிடம் என்கிறது. பேச முடிந்து பாட முடியாமல் போனால் அது மிதமானது. நாலைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையானது. நீங்கள் ஓடியது வாரத்துக்கு 270 நிமிடம். மூச்சு வாங்க ஓடியிருந்தால், பழக்கமில்லாத உடம்புக்கு அது மிக அதிகம்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் நாள்களைப் பங்கிடுவதை அலட்சியப்படுத்தக் கூடாது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன. எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று ஓட்டத்தைக் கூட்டுகிறோம், அடி கால் எலும்பில் விழுகிறது. ஆகவே ஓட்டத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் என மூன்று நாள் வையுங்கள். முதல் சில வாரங்கள் இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று மாற்றி மாற்றி 25 நிமிடம் போதும். இடையில் இரண்டு நாள் வேக நடையோ சைக்கிளோ இருக்கட்டும். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் நிலை ஓரிரு நாளில் மங்கத் தொடங்குவதால், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்காமல் பார்த்துக்கொள்வது, குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, நல்லது. வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் தேவை. கெண்டைக்கால் வலுப்பட்டால் இந்த வலி திரும்பும் வாய்ப்பும் குறையும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. திங்கள், புதன், வெள்ளி ஓட்டமும் நடையும். செவ்வாய், சனி சைக்கிள், அதன்பின் தசைப் பயிற்சி என்று வைத்துக்கொள்கிறேன். எலும்பை விரலால் அழுத்தினால் வலிக்கும் நாளில் ஓட மாட்டேன்.