க்ளென் கூல்ட் மாதிரி தாழ்வாக உட்காரலாமா? ஸ்டூல் காலை அறுப்பதற்கு முன் ஒரு கேள்வி

கருப்புக்கட்டை:
பாஹின் இரண்டு குரல் இன்வென்ஷன்கள் (ஒவ்வொரு கையும் ஒரு தனி மெட்டை வாசிக்கிற குட்டிப் பியானோ துண்டுகள்) பயிற்சியில் இருக்கின்றன. கனடா பியானோ கலைஞர் கூல்ட் வாசித்த பதிவில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெறிக்கிறது. வீடியோவில் பார்த்தால் மூக்கு பியானோ கட்டையில் இடிக்கிற உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்தத் தெளிவு உயரத்தால் வருவதா? இங்கே இருப்பது டிஜிட்டல் பியானோ, 50 செ.மீ. மர ஸ்டூல், ஏற்றி இறக்க வழியில்லை. எவ்வளவு அறுத்தால் சரியாக இருக்கும்?

மூன்றாம்_பெடல்:
ரம்பத்தை உள்ளே வையுங்கள். அந்த நாற்காலி 1953-இல் அவர் அப்பா செய்து கொடுத்தது. மடக்கு நாற்காலியின் காலைச் சுமார் 10 செ.மீ. வெட்டி, ஒவ்வொரு காலையும் தனியாக ஏற்றி இறக்க அடியில் திருகு வைத்திருந்தார். உட்காரும் பலகை தரையிலிருந்து 14 அங்குலம், அதாவது 35.5 செ.மீ. அது போதாமல் பியானோவையே மரக்கட்டைகள் மேல் 3 செ.மீ. அளவு தூக்கி வைப்பார்கள். கணக்குப் போட்டால் உங்கள் ஸ்டூலை விட 17 செ.மீ.க்கு மேல் தாழ்வு.

அப்படி உட்கார்ந்தால் முழங்கை மணிக்கட்டுக்குக் கீழே போய்விடும். தோள், கை இவற்றின் எடை கட்டைக்கு வராது, விரல் மட்டுமே வேலை செய்யும். வேகமான, லேசான, பிரிந்த சுரங்களுக்கு அது தோது. ஆனால் பிராம்ஸ், லிஸ்ட் மாதிரி இசையமைப்பாளர்களின் கனமான கார்டு (பல சுரம் ஒரே நேரத்தில்) வந்தால் சத்தம் எழும்பாது, எழுப்பப் பார்த்தால் தோள் காதுவரை ஏறும், முன்கை இறுகும். கூல்டுக்கே 1977 வாக்கில் கை ஒத்துழைக்காமல் போனது. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் பார்த்துக் காப்பியடிக்கிற உட்காரல் இல்லை இது.

தெளிவு வந்தது அவருடைய குரு அல்பெர்ட்டோ குரெரோவின் பயிற்சியிலிருந்து. சி மேஜர் இன்வென்ஷனின் முதல் எட்டு சுரத்தை எடுங்கள். விரல் 1 2 3 4 2 3 1 5 (1 கட்டைவிரல், 5 சுண்டுவிரல்). வலது கையைத் தளர்த்திக் கட்டைகள் மேல் வைத்து, இடது கையால் அந்தந்த விரல் நுனியைத் தட்டுங்கள். தட்டுவதுதான் கட்டையை இறக்க வேண்டும், வலது விரல் சும்மா இருக்கணும். கட்டை எழும்போது விரலும் தானாக எழும். அடுத்து அதே எட்டு சுரத்தை வலது கையாலேயே, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி, வெடுக்கென்று ஸ்டாக்காட்டோவாக. மணிக்கட்டு அசைந்தால் மறுபடி தட்டலுக்குப் போங்கள். கடைசியில்தான் சேர்த்து, மெதுவாக. பாதிப் பேர் முதல் கட்டத்திலேயே வலது விரலால் திருட்டுத்தனமாக அழுத்திவிடுவார்கள், பயன் அங்கேயே போய்விடும்.

சுதி_சாவி:
உட்காரலைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் பியானோவை விட்டுவிட்டீர்கள், பாதிக் கதை அதில்தான்.

அவர் 1960-இல் டொராண்டோவில் கண்டுபிடித்த ஸ்டைன்வே சிடி 318, 274 செ.மீ. நீள கான்சர்ட் கிராண்ட். அதன் ஆக்‌ஷனை, அதாவது கட்டையை அழுத்தினால் சுத்தியலை அசைக்கும் பொறியமைப்பை, வழக்கமான அளவுகளை விட்டு விலகி அமைக்கச் சொன்னார். சாதாரணமாகக் கட்டை சுமார் 10 மி.மீ. இறங்கும், சுத்தியல் கம்பிக்கு 45 மி.மீ. கீழே நிற்கும், கம்பியைத் தொட 1.5 முதல் 2 மி.மீ. இருக்கும்போது விடுபட்டுத் தானாகப் பறக்கும். அவர் கட்டையின் இறக்கத்தைக் குறைத்து, சுத்தியலையும் கம்பிக்கு நெருக்கமாக வைக்கச் சொன்னார். விரல் போகிற தூரம் குறைவு, சுரம் சட்டென்று வரும்.

விலை இல்லாமல் இல்லை. விடுபடும் இடம் கம்பிக்கு மிக அருகில் இருந்தால், மெல்லத் தொடும்போது சுத்தியல் திரும்பி வந்து இன்னொரு முறை அடிக்கும். நீங்கள் கேட்கிற அதே இன்வென்ஷன் ஆல்பத்தில் நடுஸ்தாயி சுரங்கள் சில இடங்களில் விக்குவது இந்தத் தொந்தரவுதான். ஹெட்போனில் கேளுங்கள். சரிசெய்யாமல் அதையும் ரசித்தே வெளியிட்டார்!

1971-இல் க்ளீவ்லாந்துக்குப் போய் வந்த பயணத்தில் அந்தப் பியானோ கீழே விழுந்து இரும்புச் சட்டமே விரிசல் விட்டது. பழுது பார்த்தும் பழைய தொடுகை திரும்பவில்லை. பாஹின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை அவர் 1981-இல் பதிவு செய்தது யமஹாவில்.

டிஜிட்டலில் ‘லைட் டச்’ போட்டால் இது கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. கட்டையின் எடையும் ஆழமும் அப்படியேதான் இருக்கும், அதே வேகத்துக்கு எவ்வளவு சத்தம் என்பது மட்டும் மாறும்.

ஆறாம்_டேக்:
இன்னொன்று. நீங்கள் கேட்பது மேடைக் கச்சேரி இல்லை. 1964 ஏப்ரல் 10, லாஸ் ஏஞ்சல்ஸ், அதோடு மேடையை விட்டார். வயது 31. பிறகு எல்லாம் ஸ்டுடியோ, டேப், வெட்டு, ஒட்டு. பாஹின் வெல்-டெம்பர்ட் கிளேவியர் முதல் புத்தகத்தின் ஏ மைனர் ஃப்யூகில் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வாசிக்கும் வடிவம்) ஆறாவது டேக்கும் (பதிவு முயற்சி) எட்டாவது டேக்கும் கலந்திருக்கின்றன. முன்னும் பின்னும் ஆறு, நடுவில் எட்டு. அவரே எழுதி வைத்த விஷயம். ஆகவே ஒரே மூச்சில் அப்படி வரவில்லையே என்று மனசு விடாதீர்கள்.

இரண்டு கோல்ட்பெர்க் பதிவுகளையும் ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 1955-இல் 38 நிமிடச் சொச்சம், 1981-இல் 51. வித்தியாசம் முழுக்க நிதானத்தால் இல்லை. இரண்டாவதில் சில வேரியேஷன்களின் முதல் பாதியைத் திருப்பி வாசிக்கிறார்.

கருப்புக்கட்டை:
அறுக்கவில்லை! ஆனால் இப்போதே தோள் வலிக்கிறது. அது எதனால்?

மூன்றாம்_பெடல்:
உங்கள் டிஜிட்டல் பியானோ எக்ஸ் ஸ்டாண்டில் (X வடிவில் குறுக்கே மடங்கும் தாங்கி) இருந்தால் அதுவாக இருக்கலாம். பெரும்பாலும் அதை உயரமாக வைத்துவிடுவார்கள். வெள்ளைக் கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து 73 செ.மீ. பக்கத்தில் இருக்கணும், அளந்து பாருங்கள். பிறகு ஸ்டூலின் முன்பாதியில் மட்டும் உட்கார்ந்து, கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்குங்கள். முழங்கை நுனி கட்டை மட்டத்தில், அல்லது ஒரு விரற்கடை மேலே வரணும். கீழே இருந்தால் ஸ்டூலின் மேல் கெட்டியான ரப்பர் ஷீட். மெத்தை வேண்டாம், அமுங்கும். மேலே இருந்தால் ஸ்டாண்டை ஒரு பல் ஏற்றினால் போதும்.